காலந்தாழ்ந்த முறைப்பாடும் நீதியின் ஐயமும்

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையிலே கண்ணகியின் வழக்கு நெடிது நீளவில்லை. அரசியின் சிலம்பிலுள்ளவை முத்துக்கள் என்று கூறிய பாண்டியன், கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பை வருவித்து முன்வைத்தான். கண்ணகி அதனை உடைத்தாள், தெறித்தது மாணிக்கம். அதன் பின்னர் வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அவள் சொல் நம்பத்தக்கதா, அவள் எத்தகையவள் என்ற ஆராய்ச்சிக்கும் இடமிருக்கவில்லை. பொருளே பேசி வழக்கை முடித்தது.

உடைத்துக் காட்டுவதற்குச் சிலம்பொன்று இல்லாத வழக்குகளும் உண்டு. பாலியல் வல்லுறவு பற்றிய வழக்குகளுட் பெரும்பாலானவை அத்தகையன. சம்பவம் மறைவிடத்தில் நிகழ்கின்றது, கண்டவர் இலர், காயம் இருப்பின் ஆறிவிடுகின்றது, பல வேளைகளிற் காயமே இருப்பதில்லை. எஞ்சுவன இருவர் சொற்களே. ஒருத்தி 'நிகழ்ந்தது' என்கிறாள். ஒருவன் 'நிகழவில்லை' என்கிறான். இரண்டையும் நிறுத்துப் பார்க்க வேறு தராசு இல்லாதவிடத்து, அவள் சொல்லுக்குப் புறத்தே நிற்கும் சில அடையாளங்களை நீதிமன்றம் நாடுகின்றது. அவற்றுள் முதன்மையானவை இரண்டு. 'அன்றே ஏன் சொல்லவில்லை?' என்பது ஒன்று. 'எந்தத் திகதியில் நடந்தது?' என்பது மற்றொன்று. இவ்விரு வினாக்களும் எவ்வளவு தூரம் நியாயமானவை, அவற்றுக்குத் திருத்தமான விடை கிடையாதபோது எழும் ஐயம் எத்தகையது, அவ்வையத்தின் பயன் யாரைச் சாரவேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது சட்டநூல் அன்று. எங்களூரிலே என்னோடு ஒரே வகுப்பிற் படித்த ஒருத்தி, தவணையின் நடுவிலே பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். காரணம் ஆறு வருடங்களின் பின்னரே வெளிவந்தது. நெருங்கிய உறவினன் ஒருவன்மீது அவள் முறைப்பாடு செய்தாள். அன்று திண்ணைக்குத் திண்ணை எழுந்த வினா ஒன்றே: 'இவ்வளவு காலமும் ஏன் வாய் திறக்காமல் இருந்தவள்?' அதைக் கேட்டவர்களுள் நானும் அடக்கம். கேட்டபோது அது வினா என்றே எண்ணியிருந்தேன். விடையை எதிர்பாராமற் கேட்ட வினா அது என்பது பின்னரே விளங்கிற்று.

அன்றே சொல்லவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டிலே பிராக்டனின் பெயரால் வழங்கும் ஆங்கிலச் சட்டநூல், வல்லுறவுக்குள்ளான பெண் உடனடியாக அயலூருக்குச் சென்று கூக்குரலிட்டு, குருதிக்கறையையும் கிழிந்த ஆடையையும் நம்பத்தக்க ஆடவர்க்குக் காட்டவேண்டும் என விதித்தது. 17ஆம் நூற்றாண்டிற் பிரதம நீதியரசராக விளங்கிய மத்தியூ ஹேல், இக்குற்றச்சாட்டு சுமத்துவதற்கு எளிது, நிறுவுவதற்கு அரிது, சுமத்தப்பட்டவன் குற்றமற்றவனாயினும் அதனின்று தப்புதல் அதனினும் அரிது என்னுங் கருத்தை எழுதிவைத்தார். அவர் 1676இல் மறைந்தார். நூல் 1736இலேயே அச்சேறியது. ஆயினும் அக்கருத்து, நீதிபதிகள் யூரர்களுக்குக் கூறும் எச்சரிக்கையாக இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பல நாடுகளில் உயிர் வாழ்ந்தது. கலிபோர்னியா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1975இலேயே அதனைக் கைவிட்டது.

எமது நாட்டின் சான்றுக் கட்டளைச்சட்டம் 1895ஆம் ஆண்டுக்குரியது. ஜேம்ஸ் பிற்ஸ்ஜேம்ஸ் ஸ்ரீபன் ஆக்கிய 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தை அடியொற்றியது. அதன் 8ஆம் பிரிவுக்குரிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, வல்லுறவுக்குள்ளானதாகக் கூறும் பெண் சம்பவத்தின் பின் விரைவிலே முறையிட்டாளாயின், அம்முறைப்பாடும் அது செய்யப்பட்ட சூழ்நிலையும் வழக்குக்குத் தொடர்புடைய நேர்வுகளாகும் என்கின்றது. ஒரு சம்பவம் நிகழ்ந்த காலத்தை ஒட்டிச் சாட்சி கூறிய கூற்று, பின்னர் அவர் மன்றிற் கூறுவதை ஒத்துறுதிப்படுத்த உதவலாம் என்பது 157ஆம் பிரிவு. ஈண்டு ஒன்று கவனிக்கற்பாலது. விரைந்து செய்த முறைப்பாடு துணைச் சான்றாகும் என்று மட்டுமே சட்டம் கூறுகின்றது. தாழ்ந்து செய்த முறைப்பாடு பொய்யாகும் என்று அது எவ்விடத்தும் கூறவில்லை. ஒரு நேர்வை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டுமென்ற நியதி இல்லை என்று 134ஆம் பிரிவு கூறுவதால், ஒருத்தியின் சொல் மட்டுமே தீர்ப்புக்குப் போதியதாகவும் அமையலாம். முதற் கூற்றிலிருந்து அதன் மறுதலையைப் பெற்றுக்கொண்டது சட்டத்தைக் கையாள்வோர் மனமே.

இவ்வனுமானத்தின் பிழையை அளவை நூலின் துணைகொண்டு தெளியலாம். மணிமேகலையின் 'தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதை' பௌத்த அளவையியலை விரித்துரைப்பது. அங்கே ஏதுப்போலிகளுள் ஒன்றாக அநைகாந்திகம் பேசப்படுகின்றது. ஓர் ஏது, நிறுவ எடுத்துக்கொண்ட பொருள் உள்ளவிடத்தும் இல்லாதவிடத்தும் ஒப்பக் காணப்படுமாயின், அவ்வேதுவைக் கொண்டு அப்பொருளை நிறுவுதல் ஆகாது. மலையிற் புகை கண்டு நெருப்பை அனுமானிக்கிறோம். நெருப்பில்லாத இடத்தும் புகை எழுமாயின் அவ்வனுமானம் விழும். தாமதம் அத்தகைய ஏதுவாகும். பொய் முறைப்பாடுகளிலே தாமதம் காணப்படலாம். இட்டுக்கட்டுவதற்கு அவகாசம் வேண்டுமன்றோ. மெய் முறைப்பாடுகளிலும் தாமதம் காணப்படுகின்றது. சொல்வதற்குத் துணிவு வேண்டுமன்றோ. இரண்டிடத்தும் நிற்கும் ஒன்றைக் காட்டி 'ஆகவே இது பொய்' என முடிப்பவர், 'உண்மையாகப் பாதிக்கப்பட்டவள் அன்றே சொல்வாள்' என்ற பொதுவிதியைச் சொல்லாமலே உள்ளே புகுத்திவிடுகிறார். அப்பொதுவிதி எவராலும் நிறுவப்பட்டதன்று.

மௌனத்திற்குக் காரணங்கள் பல. தீங்கிழைத்தவனே வீட்டுக்குச் சோறு போடுபவனாக இருக்கலாம். தங்கையின் கலியாணம் பேச்சிலிருக்கலாம். நிகழ்ந்ததற்குப் பெயரே அறியாத பிள்ளையாக அவள் இருந்திருக்கலாம். போர்க்காலங்களிலே முறைப்பாட்டை ஏற்கவேண்டியவனும் தீங்கிழைத்தவனும் ஒரே சீருடையை அணிந்திருக்கலாம். பொலிஸ் நிலையத்திலே தான் வாசிக்கவியலாத மொழியில் எழுதப்படும் வாக்குமூலத்திற்குக் கீழே ஒப்பமிட நேரும் அவலத்தை இந்நாட்டுத் தமிழர் நன்கறிவர். இவை யாவும் எல்லா வழக்குகளிலும் இருக்குமென்பதன்று என் வாதம். எந்த வழக்கில் எது இருந்தது என்பதைக் கேட்டறியாமல் முடிவுக்கு வரலாகாது என்பதே.

பஞ்சாப் மாநிலத்து வழக்கொன்று இங்கு விரிவாக நோக்கத்தக்கது. 1984 மார்ச் இறுதியிலே, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வந்துகொண்டிருந்த, பதினாறு வயது நிரம்பாத மாணவி ஒருத்தி காரொன்றிற் கடத்தப்பட்டாள். மறுநாட் காலையிற் கொண்டுவந்து விடப்பட்டாள். அன்று எழுதவேண்டியிருந்த பரீட்சையை எழுதிய பின்னர் வீடு சென்று தாயிடம் நிகழ்ந்ததைக் கூறினாள். தந்தை முதலில் ஊர்ப் பஞ்சாயத்தை நாடினார். அங்கு நீதி கிட்டாதபோதே பொலிசுக்குச் செல்லப்பட்டது. இதனாற் சில நாட்கள் கழிந்தன. விசாரணை நீதிமன்றம் 1985இல் எதிரிகளை விடுவித்தது. முறைப்பாடு தாமதமானது, பரீட்சை நிலையத்திலிருந்த ஆசிரியைகளிடம் அவள் ஒன்றும் கூறவில்லை, காரின் வகையை அவளாற் சொல்ல இயலவில்லை என்பன அந்நீதிமன்றம் எடுத்துக்காட்டிய குறைகள். அவளது ஒழுக்கத்தைப் பற்றியும் அத்தீர்ப்பு இழிவாகப் பேசியது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் இவ்விடுதலையை நீக்கி எதிரிகளைக் குற்றவாளிகளாகக் கண்டது. நீதியரசர் ஆனந்த் எழுதிய அத்தீர்ப்பு, பாலியற் குற்றங்களிலே முறைப்பாடு தாமதமாவதற்குக் குடும்பத்தின் தயக்கம், மானம் பற்றிய அச்சம் முதலிய பல காரணங்கள் இருக்கலாம் என்றும், தாமதத்திற்கு விளக்கம் உண்டா என்று பார்த்தலே முறை என்றும் கூறிற்று. கார் வகை தெரியாமை அவள் சொல்லை எவ்விதத்திலும் குறைக்காது என்றது. ஒருத்தி முன்னர் எவ்வாறு வாழ்ந்தவளாயினும், தன்னுடலை மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டென்பதையும் வலியுறுத்தியது.

இவ்வழக்கில் என் மனத்தை உறுத்தும் செய்திகள் இரண்டு. முதலாவது பரீட்சை. அவ்விரவின் பின்னரும் அவள் பரீட்சை மண்டபத்தில் இருந்தாள் என்பதை நீதிமன்றம் ஒன்று அவளுக்கெதிராக வைத்தது. பரீட்சை என்பது ஓர் ஏழை மாணவருக்கோ கிராமத்து மாணவிக்கோ எத்தகையது என்பதை இவ்விதழைப் படிக்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. எல்லாம் குலைந்த வேளையில் ஒருத்தி தன் கைக்கு எட்டிய ஒரே ஒழுங்கைப் பற்றிக்கொள்வது இயல்புக்கு மாறானதா? இரண்டாவது கால அளவு. அவள் தரப்பிற் கழிந்தவை ஒருசில நாட்கள். அவளுக்கு இறுதித் தீர்ப்புக் கிடைப்பதற்குச் சென்றவை ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகள். ஒரு பெண்ணின் சில நாட் தாமதத்துக்கு விளக்கம் கேட்ட நிறுவனத்திடம், அதன் பன்னிரண்டாண்டுத் தாமதத்துக்கு விளக்கம் கேட்பார் இலர்.

எனினும், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் தீர்ப்புகள் கூறும் நியாயங்களையும் நாம் அப்படியே ஏற்றல் ஆகாது. 1983இற் குஜராத் வழக்கொன்றிலே இந்திய உச்ச நீதிமன்றம், ஒத்துறுதிச் சான்று இல்லை என்பதற்காகப் பாதிக்கப்பட்டவளின் சொல்லைத் தள்ளுதல் ஆகாது எனத் தீர்த்தது. விளைவு நன்று. ஆனால் அதற்குக் கூறிய காரணம், மரபு வழுவாத சமூகத்திலே பெண்ணொருத்தி தன் மானத்தைப் பாதிக்கும் இத்தகையதொன்றைப் பொய்யாகச் சொல்ல முன்வரமாட்டாள் என்பதாகும். இந்நியாயம் மானமுள்ளவள் என ஊர் ஏற்கும் பெண்ணையே காக்கும். ஊரார் மதியாத பெண், கணவனைப் பிரிந்தவள், இரவிலே தொழிலுக்குச் செல்பவள், விலைமகள் என இகழப்படுபவள் ஆகியோரின் மௌனத்தையோ சொல்லையோ அது காக்காது. 'நல்ல பெண் அன்றே கத்துவாள்' என்ற பழைய விதியும், 'நல்ல பெண் வெட்கத்தால் மறைப்பாள்' என்ற புதிய விதியும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இரண்டும் பெண்ணுக்கு ஒரு வார்ப்பைச் செய்துவைத்து, வழக்காட வந்தவள் அதற்குப் பொருந்துகிறாளா என்று அளக்கின்றன.

இவ்வேர் எமது சொல்லிலேயே உண்டு. இக்குற்றத்தை நெடுங்காலமாகத் தமிழிற் 'கற்பழிப்பு' என்றே வழங்கினோம். அழிந்தது கற்பு என்று சொல் கூறுமாயின், இழப்பு அவளுடைய தகுதியில் நிகழ்ந்ததாகிறது. கற்பில்லாதவளுக்கு அழிவதற்கு ஒன்றுமில்லை என்ற முடிவும் அச்சொல்லுக்குள்ளே ஒளிந்திருக்கின்றது. தன்னிடம் ஏதோ அழிந்துபோயிற்று என ஊர் சொல்லும் என்று அஞ்சுபவள் பேசாதிருப்பதில் வியப்பென்ன? அவளது வாயை அடைத்த சமூகமே பின்னர் 'ஏன் பேசவில்லை?' என்று கேட்கின்றது. வல்லுறவு, வன்புணர்வு என்ற சொற்கள் இப்போது பரவி வருவது வெறும் நாகரிகம் அன்று. குற்றத்தைச் செய்தவனது வன்செயலிலே கண்ணை நிறுத்தும் சொற்கள் அவை.

ருவாண்டா இனப்படுகொலை பற்றி விசாரித்த சர்வதேச நீதிமன்றத்தின் முதல் வழக்கு இன்னொரு பாடத்தைத் தருகின்றது. தாபா என்னும் நிருவாகப் பிரிவின் தலைவனாயிருந்த அக்காயேசு மீதான விசாரணை 1997 ஜனவரியில் ஆரம்பித்தபோது குற்றச்சாட்டுப் பத்திரத்திலே வல்லுறவு இடம்பெறவில்லை. விசாரணை நடந்துகொண்டிருக்கையிலேயே சாட்சிக் கூண்டில் நின்ற ஒரு தாய் தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததைக் கூறினாள். 1997 ஜூனிற் குற்றச்சாட்டுத் திருத்தப்பட்டது. 1998 செப்டெம்பரில், வல்லுறவும் இனப்படுகொலைச் செயலாக அமையலாம் என்ற வரலாற்றுத் தீர்ப்புப் பிறந்தது. அம்மன்றில் அமர்ந்த மூவருள் ஒரே பெண், தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரத்துத் தமிழ்க் குடிவழியிற் பிறந்த நவநீதம் பிள்ளை. சம்பவங்கள் நிகழ்ந்தவை 1994இல், பேசப்பட்டவை 1997இல். இடைப்பட்ட மூன்றாண்டு மௌனம் அத்தாயின் மௌனம் மட்டுமா? கேட்கும் செவியொன்று அவள் முன் இருந்திருக்கவேண்டும். மௌனத்தின் நீளத்தை அளக்குமுன், யாராவது கேட்டார்களா, கேட்டவர் நம்பத்தக்கவரா என்பதையும் நீதிமன்றம் அளக்கவேண்டும். அதே தீர்ப்பு, சாட்சிகள் பலர் திகதி, நேரம், தூரம் என்பவற்றைத் திட்டமாகக் கூற இடர்ப்பட்டதை அவர்தம் வாழ்க்கைப் பின்னணியோடு வைத்தே விளங்கிக்கொண்டது.

திகதி என்ற இரண்டாவது வினாவுக்கு இது நம்மைக் கொண்டுவருகின்றது. நினைவு நாட்காட்டியின்படி இயங்குவதன்று. எமது கிராமங்களிலே காலம் நிகழ்ச்சிகளாலேயே குறிக்கப்படுகின்றது. மட்டக்களப்பிலே 'சூறாவளி அடித்த வருடம்' என்றால் 1978. யாழ்ப்பாணத்திலே 'பெரிய இடப்பெயர்வு' என்றால் 1995. கரையோரம் முழுவதும் 'கடல் வந்ததற்கு முன்', 'கடல் வந்ததற்குப் பின்' என்பது 2004இன் எல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு முன், மாரி தொடங்கிய பின், தம்பி பிறந்த வருடம் என்றே பிள்ளைகள் நினைக்கின்றனர். ஒருமுறை நிகழ்ந்ததன் நாளையே இவ்வாறு நினைப்பவர், மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்ததில் ஒவ்வொரு நாளையும் எவ்வாறு பிரித்துரைப்பர்? தினந்தோறும் நடந்து சென்ற பாதையை அறிவோம். எந்த நாளில் எந்தக் கல்லில் இடறினோம் என்று அறியோம். அச்சத்தில் ஆழ்ந்த மனமோ, அறையின் மணம், கதவின் ஓசை போன்ற ஒன்றை அழியாமற் பதித்துக்கொண்டு, நாளையும் நேரத்தையும் கைவிட்டுவிடுகின்றது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1990இல், நீதியரசர் பேர்த்தா வில்சனின் எழுத்தில், எப்போது எங்கே என்பதைப் பிள்ளையொன்று திட்டமாகக் கூறமுடியாமையால் என்ன நிகழ்ந்தது என்பதையும் அது தவறாக விளங்கிக்கொண்டதென்று ஆகாது எனக் கூறியது. திகதி குற்றத்தின் இன்றியமையாத கூறு அன்று. எதிரியின் எதிர்வாதத்துக்கு அது உயிர்நாடியாகும்போது மட்டுமே நிரூபிக்கப்படல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

எமது 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் இந்நோக்கையே கொண்டுள்ளது. குற்றச்சாட்டிலே காலமும் இடமும் குறிக்கப்படவேண்டும் என்று 165ஆம் பிரிவு கூறுவது எதற்காக? தன்மீது சாட்டப்படுவது எது என்பதை எதிரி நியாயமான அளவுக்கு அறிந்துகொள்ளும்பொருட்டு. எதிரியைத் தவறான வழியில் இட்டுச் செல்லாத பிழை பெரும்பிழையாகக் கொள்ளப்படாது என்று 166ஆம் பிரிவு கூறுவதும் அதே நோக்கிலேயே. ஆகவே திகதி, பாதிக்கப்பட்டவளின் நினைவாற்றலைச் சோதிக்கும் பரீட்சை வினா அன்று. எதிரிக்கு அளிக்கப்படவேண்டிய அறிவித்தல் அது. இவ்வேறுபாட்டை உணர்ந்தால், எந்த வழக்கில் திகதியின்மை பொருட்படுத்தத்தக்கது, எதிற் பொருட்படுத்தத் தகாதது என்பது தெளிவாகும்.

இனி எதிரியின் பக்கத்தையும் நோக்கவேண்டும். கண்ணகியின் கதையிலே இன்னொருவன் இருக்கிறான். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றதாலே கொலையுண்ட கோவலன் அவன். சாட்டப்பட்டதாலேயே ஒருவன் குற்றவாளியாகிவிடுவானாயின் நாமும் அப்பாண்டியன் செய்த பிழையையே செய்வோம். 'ஒரு மார்ச் மாதத்திலே' என்று சாட்டப்பட்டவன், அம்மாதம் முழுவதும் தான் எங்கிருந்தான் என்று எவ்வாறு காட்டுவான்? குறித்த ஒரு நாளாயின், அன்று கொழும்பிலே வேலையில் இருந்ததைக் காட்டும் இடாப்பு அவனிடம் இருக்கலாம். இருபது வருடங்கள் சென்றபின், அவனுக்காகப் பேசக்கூடிய தாய் இறந்திருப்பாள், வீடு இடிந்திருக்கும், கடிதங்கள் இடப்பெயர்விலே தொலைந்திருக்கும். அவுஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் 1989இல், இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தாமதத்தைக் கொண்ட வழக்கொன்றில் இதனையே கருதியது. முறைப்பாட்டை உரிய காலத்திற் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை எதிரி இழந்துவிட்டமையால், தனியொருவர் சொல்லை மிகக் கவனமாக ஆராய்ந்தாலன்றி அதன்மேற் குற்றவாளியாகக் காணுதல் ஆபத்தானது என யூரர்களை எச்சரிக்கவேண்டும் என்றது. அவ்வெச்சரிக்கை பின்னர் எல்லாத் தாமதங்களுக்கும் இயந்திரம் போற் கூறப்பட்டு, பாதிக்கப்பட்டோருக்கு அநீதியாக மாறியபோது, சட்டமன்றங்கள் அதனைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. ஆயினும் அதன் உள்ளீடான கவலை பொய்யன்று.

இதுவரை கூறியவற்றால், தாமதம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறுபட்ட கருத்துகள் கலந்து கிடத்தலைக் காணலாம். தாமதம் அவள் பொய் சொல்கிறாள் என்பதற்கு அடையாளம் என்பது முதலாவது. தாமதத்தாற் சான்றுகள் அழிந்தன என்பது இரண்டாவது. தாமதத்தால் எதிரி தன்னைக் காக்கும் வழியை இழந்தான் என்பது மூன்றாவது. முதலாவது பெண்ணின் மனத்தைப் பற்றிய ஊகம். ஏனைய இரண்டும் உலகத்தில் நிகழ்ந்த நேர்வுகள். அவை நிகழ்ந்தனவா இல்லையா என்று பார்த்தறியலாம். எந்தச் சாட்சி இறந்தார், எந்தப் பதிவேடு அழிந்தது, எந்த எதிர்வாதம் இயலாமற் போயிற்று என்று கேட்டால் விடை கிடைக்கும். நீதிமன்றங்களின் வழிவழித் தவறு, பின்னைய இரண்டின் நியாயத்தை முன்னையதற்குக் கடனாகக் கொடுத்ததே. எதிரிக்கு நேர்ந்த உண்மையான இடரைப் பேசுவதாகத் தொடங்கி, பெண் பொய்யள் என்று முடித்தார்கள். திகதி பற்றிய வாதத்திலும் இதே மயக்கம் நேர்கின்றது.

இம்மயக்கத்தைத் தவிர்க்கும் வழி எமது மன்றங்களுக்கும் புதிதன்று. தாமதித்துக் கூறிய சாட்சிகளைப் பற்றி 1999இல் எமது மேன்முறையீட்டு நீதிமன்றம், தாமதம் என்ற ஒன்றையே காரணமாக்கிச் சாட்சியத்தைத் தள்ளலாகாது, தாமதத்தின் காரணத்தை ஆராய்ந்து அது ஏற்கத்தக்கதாயிற் சாட்சியத்தின்மேற் செயற்படலாம் எனத் தீர்த்துள்ளது. இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008இல், தாமதித்த முறைப்பாடு பொய்யென்றும் ஆகாது, உடனடி முறைப்பாடு மெய்யென்றும் ஆகாது என்று நீதிபதி யூரர்களுக்கு எடுத்துரைக்கலாம் என ஏற்றது. இப்பிந்திய கூற்றின் இரு பாதிகளும் ஒருங்கே வேண்டப்படுவன. தாமதத்தை மெய்ம்மையின் அடையாளமாக்கும் மனப்பாங்கும் இன்று சிலரிடம் தோன்றியுள்ளது, அதுவும் அநைகாந்திகமே.

ஒரு தடை எழலாம். குற்றவியலிலே ஐயத்தின் பயன் எதிரிக்கே உரியது. தாமதம் சிறிதளவேனும் ஐயத்தைத் தோற்றுவிக்குமாயின் அதுவே விடுதலைக்குப் போதாதா என்பர் சிலர். சட்டம் வேண்டுவது நியாயமான ஐயம். நியாயமான ஐயம் அவ்வழக்கின் நேர்வுகளிலிருந்து பிறக்கவேண்டும். 'பெண்கள் இப்படித்தான்' என்ற பொதுக் கருத்திலிருந்து பிறக்கும் ஐயம் வழக்குத் தொடங்குமுன்னரே நீதிபதியின் மனத்தில் இருந்தது. சாட்சியம் எதுவாயினும் அது மாறாது. அதன் பயனை எதிரிக்கு அளித்தல் நீதி ஆகாது. மறுபுறம், காலம் உண்மையாகவே எதிரியின் கைகளைக் கட்டிவிட்டதென மன்று கண்டால், அவளது சொல் மெய்யாக இருக்கக்கூடும் என்று எண்ணிய போதிலும் விடுவித்தே ஆகவேண்டும். அது துயரமான முடிவு. ஆயினும் அறத்தொடு பட்ட முடிவு.

அம்முடிவை நாம் எவ்வாறு வாசிக்கிறோம் என்பதே இறுதி வினா. விடுதலைத் தீர்ப்பு, குற்றம் போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை என்பதை மட்டுமே கூறுகின்றது. அவள் பொய் சொன்னாள் என்று அது கூறுவதில்லை. ஊர் அவ்வாறு வாசிப்பதில்லை. எதிரி வீடு திரும்பிய அன்றே அவள் பொய்க்காரியாகிவிடுகிறாள். நீதிபதிகள் தம் தீர்ப்புகளிலே, ஐயம் எங்கிருந்து எழுந்தது, அவள் சொல்லில் இருந்தா, காலம் அழித்த சான்றுகளில் இருந்தா என்பதைப் பிரித்து எழுதுவார்களாயின், இவ்வநீதி ஓரளவேனும் குறையும். எழுதுவதற்குச் சில வாக்கியங்களே வேண்டும்.

என் வகுப்பில் இருந்தவளின் வழக்கு இன்னும் முடியவில்லை. அது எவ்வாறு முடியுமென எனக்குத் தெரியாது. அவள் சொல்வது மெய்யா என்பதைத் தீர்மானிக்கும் சான்றும் என்னிடம் இல்லை. 'ஏன் அன்றே சொல்லவில்லை?' என்பதை நீதிமன்றம் கேட்கத்தான் வேண்டும். கேட்டபின் விடைக்காகக் காத்திருக்கவும் வேண்டும். திண்ணையிலிருந்து அதைக் கேட்ட நாம் காத்திருக்கவில்லை. அவள் பள்ளிக்கு வராத முதல் வாரத்திலே, 'ஏன் வரவில்லை?' என்று அவள் வீட்டுப் படலையடியில் நின்று கேட்டவரும் எங்கள் வகுப்பில் ஒருவரும் இலர். தாமதம் அங்கேதான் தொடங்கிற்று.